பட்டியா, போதனா வைத்தியசாலையா? கால்நடை மருத்துவ மாணவரின் முதல் நோயறிதல் பயிற்சி

திருகோணமலையிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளை தம்புள்ளை தாண்டிப் பேராதனைக்குத்தான் போகவேண்டும். பீடமும் போதனா வைத்தியசாலையும் அங்கேதான். விடுமுறைக்கு ஊர் திரும்பினால் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பட்டி பட்டியாக மாடும் எருமையும் ஆடும் நிற்கின்றன. அடிப்படைப் பரிசோதனையையும் ஆய்வுகூட வேலையையும் எங்கே பழகினால் கையில் நிற்கும்? போதனா வைத்தியசாலையில் தங்கிப் பழகலாம். ஊரிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தாரோடு பட்டிகளுக்குப் போகலாம். மாதிரி உருக்களிலும் இறைச்சிக்கூடத்து உறுப்புகளிலும் பழகலாம்.

ஒரு பயிற்சி இடத்தை எடைபோட இரண்டு கேள்வி போதும். ஒரு நாளில் எத்தனை தடவை உங்கள் கை விலங்கில் பட்டது? அந்தக் கை சொன்னது பிழை என்றால், பிழை என்று உங்களுக்கு எப்போது தெரியவந்தது? பட்டி முதல் கேள்வியில் வெல்லும், வைத்தியசாலை இரண்டாவதில் வெல்லும்.

உடற்பரிசோதனை: பட்டிக்கே முதலிடம்

போதனா வைத்தியசாலைகளில் நோயுற்ற ஒரு விலங்கைச் சுற்றி ஒரு குழுவே நிற்கும். ஸ்டெதஸ்கோப் கைமாறிக் கைமாறி வரும்போது ஒருவருக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். அங்கே வருவதும் பெரும்பாலும் நோயுற்ற விலங்குதான். சுகமான மாட்டின் சத்தம் காதில் ஏறாத ஒருவருக்கு நோயுற்ற மாட்டின் சத்தத்தில் எதுவும் பிடிபடாது. பட்டியில் நிற்கும் இருபது மாட்டில் பதினெட்டு சுகமாக இருப்பதுதான் புதியவருக்குக் கிடைக்கும் பெரிய பாடம்.

வரிசை எங்கும் ஒன்றுதான். முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: நிற்கும் விதம், அசை போடுகிறதா, மூச்சு, வயிற்றின் இரு பக்க வடிவம், சாணம். மூச்சைக் கட்டாயம் தொடுவதற்கு முன்பே எண்ணவேண்டும், தொட்டதும் மாறிவிடும். வளர்ந்த மாட்டுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 30. பிறகு நாடித்துடிப்பு, 60 முதல் 80 வரை. வெப்பநிலை 38.0 முதல் 39.3 பாகை செல்சியஸ். வெப்பமானியின் முனை மலக்குடல் சுவரில் படவேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றாலோ, யாராவது முன்னரே கைவிட்டுப் பார்த்துக் காற்று உள்ளே போயிருந்தாலோ அளவு குறைத்துக் காட்டும். அதனால் கைவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே வெப்பநிலை எடுத்துவிட வேண்டும். வெப்பமானியில் நூல் கட்டி வால் மயிரில் கவ்வியால் பிடித்துவிடாத மாணவர் ஒரு நாள் அதை உள்ளே இழப்பார்.

அடுத்து முதல் இரைப்பை. இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சுகமான மாட்டில் உள்ளிருந்து கையை மெல்லத் தூக்கித் தள்ளும் அலை இரண்டு முதல் நான்கு தடவை வரும். அரை நிமிடத்தில் கையை எடுத்துவிட்டு 'அசைவே இல்லை' என்று எழுதுவதுதான் புதியவர் அதிகம் விடும் பிழை. அலைகளுக்கு நடுவிலுள்ள அமைதியை நோய் என்று எடுத்துவிடுகிறார்கள். இருபது மாட்டில் கைவைத்தால் அந்தப் பிழை தானாகப் போகும். அத்தனை தடவை வைத்தியசாலையில் கிடைக்காது.

இங்கே பட்டிக்கு ஒரு குறையும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கு மேல் எடுத்த அளவை நம்பக்கூடாது. வெயிலில் ஓட்டிப் பிடித்த மாட்டுக்குக் காய்ச்சல் இல்லாமலே வெப்பநிலையும் மூச்சும் ஏறும். கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பியும் உள்ள எருமைக்கு இன்னும் ஏறும். காலை ஆறு மணிக்குப் போய்ச் சேருங்கள். முடியாவிட்டால் நிழலில் அரை மணி நேரம் கட்டி வைத்துப் பாருங்கள்.

வரலாறு கேட்பது

நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவதில் தமிழ் மாணவருக்கு ஊர்தான் வசதி. படிப்பு ஆங்கிலத்தில், கண்டிப் பக்கத்தில் விலங்கைக் கொண்டுவருபவர் பேசுவது பெரும்பாலும் சிங்களத்தில். இரண்டுக்கும் நடுவில் கேள்வி சுருங்கிவிடும். இங்கே "ஐயா, எப்ப இருந்து தின்னுதில்ல? அசை போடுதா? மூத்திரம் என்ன நிறம்?" என்று நேரே கேட்கலாம். "கோப்பிச் சாயம் மாதிரி" என்று ஒரு பதில் வந்தால் உண்ணிக் காய்ச்சல் (உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய்) சந்தேகப் பட்டியலின் மேலே ஏறிவிடும். எப்போது கன்று போட்டது, மற்ற மாடுகளுக்கும் இருக்கிறதா, ஏற்கெனவே என்ன ஊசி போட்டது என்ற மூன்றையும் விடவேண்டாம். முந்தின நாள் ஒட்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருந்தால் இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்திருக்கும், இரத்தம் தடவிய கண்ணாடிச் சிலைட்டில் தெரியாமல் போகலாம். இருந்தாலும் சிங்களத்தில் வரலாறு கேட்கப் பழகாமல் பட்டம் பெற்றவர் கந்தளாயில் வேலைக்குப் போனால் திண்டாடுவார். வைத்தியசாலை நாட்களை அதற்கும் பயன்படுத்தவேண்டும்.

மாதிரி உரு

வெளிநாடுகளில் மலக்குடல் வழியே கருப்பையைத் தடவிப் பழக விலையுயர்ந்த உருக்கள் உண்டு. இங்கிலாந்தில் சாரா பெய்லி உருவாக்கிய 'ஹப்டிக் கௌ' கணினியோடு இணைந்தது. மாணவர் தொடுவதை ஆசிரியர் திரையில் பார்க்கிறார். உயிருள்ள மாட்டில் ஆசிரியருக்கு அது முடியாது. கை உள்ளே இருப்பது மாணவருடையது.

அந்த வசதி இல்லாத இடத்தில் இறைச்சிக்கூடத்துக் கருப்பை நல்ல மாற்று. புதிதாக எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, ஒரு பெட்டிக்குள் இயல்பான நிலையில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகலாம். இரண்டு நாளைக்கு மேல் வைக்கவேண்டாம். போமலினில் ஊறிய உறுப்பில் பழகுவது வீண், இறப்பர்போல இறுகிப் பிழையான உணர்வையே கைக்குத் தரும். கையுறை கட்டாயம்: புரூசெல்லா, லெப்டோஸ்பைரா என்ற கிருமிகள் செத்த உறுப்பிலிருந்தும் மனிதருக்குத் தொற்றும்.

ஊசி குத்தப் பழகச் செலவே இல்லை. சேலைன் குழாயில் சிவப்புச் சாய நீரை நிரப்பி, ஒரு பஞ்சு மெத்தைத் துண்டில் பதித்து, மேலே மெல்லிய தோலோ தடித்த துணியோ இழுத்துக் கட்டினால் கழுத்து நாளம் தயார். ஐம்பது தடவை அதில் குத்தியவர் முதல் ஆட்டில் தடுமாறுவது குறைவு. ஆனால் துணி உதைக்காது, தலையைத் திருப்பாது. விலங்கைப் பிடிக்கும் வேலையை எந்த உருவும் கற்றுத்தராது.

சிலைட்டா, உடனடிச் சோதனை அட்டையா?

நோயறிதலில் இளம் மாணவர்கள் உடனடிச் சோதனை அட்டையை விரும்புகிறார்கள். நாய்க்குட்டியின் மலத்தில் பார்வோ வைரசைக் காட்டும் அட்டை பத்து நிமிடத்தில் கோடு போடும். அது நல்ல கருவிதான். ஆனால் கோடு வராவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. வைரஸ் மலத்தில் வெளியேறுவது நின்றபின் எடுத்தாலும், இரத்தக் கழிச்சலில் பிறபொருளெதிரி வைரசைப் பிணைத்துவிட்டாலும் கோடு வராது. தடுப்பூசி போட்டுச் சில நாட்களில் மங்கிய கோடு வரவும் கூடும். அட்டை ஒரு பதிலைத் தரும். அந்தப் பதில் எப்படிப் பிழைக்கும் என்பதைச் சொல்லாது.

இரத்தச் சிலைட்டில் நடப்பதெல்லாம் கண்முன்னே நடக்கிறது. உண்ணிக் காய்ச்சலுக்குக் காது நுனியிலிருந்து எடுக்கும் இரத்தம் நல்லது, சிறு நாளங்களில் ஒட்டுண்ணி தேங்கும். மயிரை வழித்து, ஸ்பிரிட் தடவி, அது முற்றாகக் காயும்வரை காத்திருங்கள். ஈரம் இருந்தால் சிவப்பணு வெடிக்கும். ஊசியால் குத்தி வரும் சிறு துளியைச் சிலைட்டின் நுனியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே வைத்து, இரண்டாவது சிலைட்டை 30 முதல் 45 பாகை சாய்வில் பின்னுக்கு இழுத்துத் துளியைத் தொடவைத்து, இரத்தம் விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே மூச்சில் முன்னுக்குத் தள்ளுங்கள். தடித்தால் சாய்வைக் குறையுங்கள். முடிவில் இறகு நுனிபோல மெலிந்து முடிந்தால் சரி. உடனே வீசிக் காயவைத்து, மெதனோலில் 2 நிமிடம் நிலைப்படுத்தி, 10 வீத ஜிம்சா சாயத்தில் அரை மணி நேரம்.

வாடைக் காலத்தில் இங்கே காற்றிலுள்ள ஈரத்தால் சிலைட் மெதுவாகக் காயும். அப்போது சிவப்பணுவுக்குள் பளபளக்கும் வட்டங்கள் விழும், புதியவர் ஒட்டுண்ணி என்று துள்ளுவார். நுணுக்குக்காட்டியின் திருகை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்: ஒளிந்து ஒளிந்து மின்னினால் அது நீர்க்கறை. உண்ணி பரப்பும் இன்னொரு இரத்தக் கிருமியான அனபிளாஸ்மாவிலும் இதே சிக்கல். அது அணுவின் ஓரத்தில் கருநீலப் புள்ளியாக நிற்கும், சாயத்தூளும் அப்படியே தெரியும். சாயத்தூள் அணுவின் மேல் தளத்தில் கிடப்பதால் அணு தெளியும்போது அது மங்கும். அணுக்களுக்கு வெளியேயும் சிதறிக் கிடக்கும். போமலின் போத்தலோடு ஒரே பெட்டியில் வந்த சிலைட்டில் அந்த ஆவியே சாயத்தைக் கெடுத்துவிடும். ஈரச் சிலைட்டை மேசையில் விட்டுப் போனால் ஈ தின்றுவிடும், ஓட்டை ஓட்டையாகத் தெரிவது அதனால்தான்.

இந்த வேலையில் பட்டி மூன்றில் ஒரு பங்கு, ஆய்வுகூடம் இரண்டு பங்கு. சிலைட்டைப் பட்டியில் எடுத்துச் சாயமிட்டு, உங்கள் கணிப்பை எழுதிவிட்டு, அனுபவமுள்ள ஒருவரின் கண்ணுக்குக் காட்டினால்தான் படிப்பு. காட்டாமல் நூறு சிலைட் பார்த்தால் நூறு தடவை ஒரே பிழையைப் பழகுகிறீர்கள்.

ஆட்டுக்குக் கண்ணிமை, எருமைக்குச் சாணம்

இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவுக்கு ஆட்டின் கீழ்க் கண்ணிமையை 1 முதல் 5 வரையான வண்ண அட்டையோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. வெளிறிய 4, 5 என்றால் மருந்து. சூரிய வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மர நிழலின் பச்சையில் எல்லா இமையும் வெளிறித் தெரியும். கண்நோய் உள்ள ஆட்டில் இரத்தம் குறைந்திருந்தாலும் இமை சிவக்கும்.

இதற்குப் போட்டி, சாணத்திலுள்ள புழு முட்டைகளை எண்ணும் மக்மாஸ்ரர் முறை: 4 கிராம் சாணம், 56 மில்லிலீற்றர் நிறைவுற்ற உப்புக் கரைசல், எண்ணும் சிலைட்டின் இரு அறையிலும் எண்ணி 50 ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். வெயிலில் கிடந்த சாணத்தில் முட்டை பொரித்துவிடும், குளிரில் வையுங்கள். அட்டை வேகமானது, எண்ணிக்கை அட்டையைத் திருத்துவது. ஒரே பத்து ஆட்டில் இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும்: வயலிலும் குளக்கரையிலும் மேயும் எருமையில் ஈரல் தட்டைப்புழுவைத் தேடினால் உப்புக் கரைசல் உதவாது. அதன் முட்டை கனம், மிதக்காது. நீரில் அடையவிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

மடி நோய்ச் சோதனைக்குப் பட்டியே போதும். முதல் நான்கு பீச்சலைக் கழித்து, நான்கு கிண்ணத் தட்டில் காம்புக்கு 2 மில்லிலீற்றர், அதே அளவு சோதனைத் திரவம், பத்து விநாடி சுழற்றல், இருபது விநாடிக்குள் வாசித்தல். பால் கட்டியானால் மடி நோய். கன்று போட்டு முதல் வாரத்தில் சோதித்தால் சுகமான மடியின் பாலும் கட்டியாகும்.

பட்டி தோற்கும் இடம்

ஊசி போட்டாயிற்று, மறுநாள் பட்டி வேறிடம். பெரும்போகம் தொடங்கினால் வயலோரப் பட்டிகள் காட்டுப் பக்கம் போய்விடும். மாடு பிழைத்ததா, நீங்கள் நினைத்த நோய்தானா என்று தெரியாமலே போகும். வைத்தியசாலையில் அதே விலங்கைக் காலையும் மாலையும் பார்க்கலாம், இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கான் உங்கள் கணிப்பைத் திருத்தும், செத்தால் அறுத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலை அடுத்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, தொற்றா குளிரா என்று பிரித்துச் சொல்ல மாதிரிகள் ஆய்வுகூடம் போகவேண்டியிருந்தது. இந்த வெப்பத்தில் செத்த மாட்டின் உறுப்பு சில மணி நேரத்தில் அழுகிப் பொருளற்றதாகிவிடும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் ஒழுகினால் அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக (அந்த்ராக்ஸ்) இருக்கலாம்.

வாயில் நீர் ஒழுகும் மாட்டையோ நாயையோ காட்டி "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு" என்று உரிமையாளர் சொன்னால் வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். விசர் நோய் முதலில் அப்படித் தோன்றலாம். விலங்கைத் தொடும் எந்தப் பயிற்சிக்கும் முன்பே முற்காப்பு ஊசி போட்டிருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி 0, 7 ஆம் நாட்களில் இரண்டு தவணை.

ஆறு வார விடுமுறை இருந்தால் என் பங்கீடு இது: முதல் வாரம் குழாயும் கருப்பையும், அடுத்த மூன்று வாரம் பட்டி, கடைசி இரண்டு வாரம் வைத்தியசாலை. முழு விடுமுறையையும் வைத்தியசாலையிலேயே கழிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், சுகமான மாடு தெரியாமல் திரும்புவீர்கள். பட்டிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காதுப்பட்டி எண், அளவுகள், உங்கள் முதல் மூன்று சந்தேகங்கள் இடப்பக்கம், பேனாவால், முடிவு வருமுன்பே. வலப்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஆய்வுகூட முடிவோ, பட்டிக்காரருக்கு எடுத்த தொலைபேசி அழைப்போ எந்தத் திகதியில் என்ன சொன்னது என்பதற்கான இடம் அது.