செய்திக்குக் காசு கட்டிப் படித்த ஆறு ஆண்டுகள்

2019 தொடக்கத்தில் எங்கள் மலேசியாவின் 'தமிழ் நேசன்' நின்றுபோனது. 1924இல் தொடங்கிய நாளிதழ். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். ஒரே பேப்பர்தான், ஐந்து வீடு சுற்றும். எங்கள் முறை வரும்போது மூன்று மணி ஆகியிருக்கும், குறுக்கெழுத்தை யாராவது நிரப்பியிருப்பார்கள். அந்தப் பேப்பர் நின்ற வாரம்தான் முடிவு செய்தேன், படிக்கிற செய்திக்கு இனிமேல் காசு கொடுத்தே படிப்பது என்று.

நான் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மரச்சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரசீதுகளை எடுத்து வைப்பது வேலையோடு வந்த பழக்கம். இந்த ஆறு ஆண்டுகளில் ஐந்து இடங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன், இப்போது மூன்றுக்குக் கட்டுகிறேன். எதற்கு ஏன் கட்டினேன், எதை ஏன் நிறுத்தினேன் என்று எழுதிவைத்தால், நம் தமிழ் நாளிதழ்களுக்கு எங்கிருந்து பணம் வரும் என்று கவலைப்படுகிறவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் கட்டியது மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளத்துக்கு. ஸ்டீவன் கானும் பிரேமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் தொடங்கியது. 2002இலேயே சந்தா கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இணையத்தில் செய்திக்குக் காசு கேட்பதே அப்போது புதிது. எனக்கு மனத்தில் நிற்பது 2021 பிப்ரவரி 19. வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக நீதிமன்ற அவமதிப்பு என்று கூட்டரசு நீதிமன்றம் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. மக்களிடம் உதவி கேட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஐம்பது வெள்ளி (ரிங்கிட்டைத்தான் அப்படிச் சொல்வோம்) அனுப்பலாம் என்று கைப்பேசியைத் திறந்தால், சில மணி நேரத்திலேயே முழுத் தொகையும் சேர்ந்துவிட்டிருந்தது. எனக்கு வருத்தமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நம் நாட்டில் செய்திக்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, லண்டனின் 'கார்டியன்'. அங்கே கட்டணச் சுவர் கிடையாது, காசு கட்டாமலேயே யாரும் படிக்கலாம். விரும்பினால் கொடுக்கலாம். 1936இல் உருவான ஸ்காட் அறக்கட்டளை பின்னால் நிற்பதால் பங்குதாரருக்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை சிறு தொகை அனுப்புகிறேன். இதைப் பார்த்துவிட்டு நம் பேப்பர்களும் இப்படியே கேட்கலாமே என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உலகம் முழுக்க ஆங்கிலம் படிக்கிறவர்களில் நூற்றில் ஒருவர் கொடுத்தாலும் அது பெரிய கூட்டம். மலேசிய இந்தியர் எல்லாரும் சேர்ந்தே ஏறக்குறைய இருபது லட்சம் பேர்தான், அதில் தமிழ் படிப்பவர் இன்னும் குறைவு. நூற்றில் ஒருவரை நம்பி இங்கே ஒரு பேப்பர் ஓடாது. நூற்றில் பத்துப் பேர் வேண்டும்.

வேறொரு வெளிநாட்டு நாளிதழில் அறிமுகச் சலுகையில் சேர்ந்து மாட்டிக்கொண்டேன். சேர இரண்டு நிமிடம் ஆனது. விலக மூன்று மின்னஞ்சலும் ஒரு நள்ளிரவு அழைப்பும் ஆயின. அதற்குள் முழு விலையில் இரண்டு மாதம் பிடித்துவிட்டார்கள். போதாததற்கு, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து 6 விழுக்காடு சேவை வரி வேறு இருக்கிறது. 2024 மார்ச்சில் அது 8 ஆனது. அடுத்து, தமிழ்நாட்டு வார இதழ் ஒன்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் எங்கள் ஊர் இல்லை. ஓராண்டோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாவது நம் தமிழ் நாளிதழ் ஒன்றின் மின்னிதழ். குறை சொல்லப்போகிறேன், ஆகவே பெயர் வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் சந்தா கட்டுவதே ஒரு வேலையாக இருந்தது. வங்கியில் பணம் மாற்றி, ரசீதைப் படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, இணைப்பு வருவதற்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சந்தா முடியப்போகிறது என்று ஒரு தகவலும் வராது. ஒருநாள் காலையில் அம்மா, "ஏம்மா, இன்னிக்குப் பேப்பர் தெறக்கலியே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. திறந்தாலும் அச்சுப் பக்கத்தின் படம்தான். இரண்டு விரலால் இழுத்து இழுத்துத்தான் படிக்க முடியும். பழைய செய்தியைத் தேட வழியே இல்லை. 2022க்கு அப்புறம் இணைய வங்கியில் நேரடியாகக் கட்டும் வசதி வந்தது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கு முழுப் பேப்பரும் புலனக் குழுக்களில் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: "நீ காசு கட்டியா படிக்கிற தங்கச்சி? குரூப்புல சும்மாவே வருதே." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லயத்தில் ஒரு பேப்பர் ஐந்து வீடு சுற்றியதைப் பார்த்து வளர்ந்தவர், இதையும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் அன்றைக்கு ஐந்து வீட்டுக்கு ஒரு பேப்பராவது விற்றது. இன்றைக்கு ஐயாயிரம் பேருக்கு ஒன்று. அண்ணனிடம் இதைச் சொன்னேன். யோசித்தார், ஆனால் குழுவை விட்டு விலகவில்லை.

நம் பேப்பர்களை உண்மையில் நடத்தியது ஒன்றரை வெள்ளி, இரண்டு வெள்ளி விலை இல்லை. அப்பா தவறியபோது கருமக்கிரியை அறிவிப்பு, முப்பதாம் நாள், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று மூன்று விளம்பரம் கொடுத்தோம். ஊரில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். போன ஆண்டு என் நாத்தனார் வீட்டில் பெரியவர் ஒருவர் தவறினார். மகன் கைப்பேசியிலேயே படம் போட்டு வடிவமைத்துப் புலனத்தில் அனுப்பிவிட்டான். கால் மணி நேரத்தில் சிரம்பான் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. செலவே இல்லை. நினைவஞ்சலிப் பக்கம் மெலிந்தபோது அதோடு சேர்ந்து மெலிந்தது நிருபரின் பெட்ரோல் காசுதான்.

இன்னொன்று யுபிஎஸ்ஆர், ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்கள் வரும் நாளில் பேப்பரைத் தேடி வாங்கிய பெற்றோர் எத்தனை பேர்! 2021இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். தேர்வு போனது பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு எதையும் எந்தப் பேப்பரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கிற நாடு இது. தினம் ஒரு கதை, ஒரு கணக்கு, ஒரு சொல் விளையாட்டு என்று ஒழுங்கான செயலி ஒன்று கொடுத்தால் பெற்றோர் கட்டுவார்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தது அதுதானே. 2011 மார்ச்சில் கட்டணச் சுவர் எழுப்பியபோது வெறும் செய்தியோடுதான் தொடங்கினார்கள். அப்புறம் சமையல் குறிப்பு, புதிர்கள், 2022 ஜனவரியில் வாங்கிய வேர்டல் என்ற சொல் விளையாட்டு என்று சேர்த்துக்கொண்டே போய், 2023இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். புதிருக்காக வருகிறவர் கட்டும் பணத்தில் போர்க்களத்துக்கு நிருபர் போகிறார். நம் ஞாயிறு மலருக்கும் அந்த வலிமை இருந்தது.

அரசாங்கம் கொடுக்கலாமே என்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் அப்படி நடக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழை வெளியிடும் எஸ்பிஎச் மீடியா நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி வரை ஐந்து ஆண்டுகளுக்கு என்று 2022இல் அறிவித்தார்கள். சிறிய மொழி ஒன்றில் நாளிதழ் நிற்க அது கைகொடுக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் கொடுக்கிற கையைக் கேள்வி கேட்பது எவருக்கும் கடினம். செய்தியைக் காட்டுவதற்காக முகநூல், கூகுளிடம் காசு வசூலிப்பதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆஸ்திரேலியா 2021இல் சட்டம் கொண்டுவந்து ஓரளவு வாங்கியது. கனடா சட்டம் போட்டபோது, 2023 ஆகஸ்டில் முகநூலை நடத்தும் மெட்டா அங்கே செய்தியையே எடுத்துவிட்டது. நாளைக்கு நமக்கும் அதுவே நடக்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சந்தாவை நிறுத்த இருந்த சமயத்தில் ஒன்று நடந்தது. எங்கள் பழைய தோட்டத்தில் மிச்சமிருக்கும் லயங்களில் மாதக்கணக்கில் தண்ணீர் சரியாக வரவில்லை. அந்தப் பேப்பரின் வட்டார நிருபர் மூன்று தடவை போனார். அவர் முழுநேர நிருபர் இல்லை, காப்புறுதி முகவர். வெளியாகும் செய்திக்கு இத்தனை வெள்ளி என்றுதான் அவருக்குக் கணக்கு. முதல் தடவை மக்களிடம் கேட்டார், இரண்டாம் தடவை குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்தார், மூன்றாம் தடவை தோட்ட நிர்வாகத்திடம் கேட்டார். மூன்றும் செய்தியாக வந்தன. குழாயை மாற்றினார்கள். எந்த ஆங்கிலப் பேப்பரும் அந்த மண்சாலையில் இறங்கியிருக்காது. அதே இதழின் மற்ற பக்கங்களில் தலைவர்களின் அறிக்கையும் சினிமாவும்தான் பாதிக்கு மேல். அந்த அறிக்கைகளுக்காக நான் பத்துக் காசு கொடுக்கமாட்டேன். அந்த மூன்று செய்திக்காக இரண்டு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் பகுதிக்கு ஒரு முழுநேர நிருபர். குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700, ஆகவே அவருக்கு 2,500 வைத்தேன். முதலாளி பங்கு ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 325. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), பெட்ரோல், கைப்பேசி எல்லாம் சேர்த்தால் 3,300 வெள்ளிக்குள் அடங்கும். வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளி என்றால் 330 வீடு. ஆசிரியர், பக்க வடிவமைப்பு, அலுவலகத்துக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 660 வீடு. சுங்கை சிப்புட், கோலகங்சார், சுற்றியுள்ள தோட்டங்களில் அத்தனை வீடு கிடைக்காதா? இந்த ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு சேர்த்தார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் மாதம் பத்து வெள்ளி கேட்க நாளிதழ்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. யாருக்குச் சம்பளம் போகிறது, அவர் இந்த மாதம் எங்கே போனார் என்று ஒரு பக்கத்தில் காட்டினால் போதும்.

இந்த வருமானத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். வருமான வரியில் 2,500 வெள்ளி வரை உள்ள வாழ்க்கைமுறைக் கழிவில் நாளிதழ்ச் சந்தாவும் சேரும், மின்னிதழ் உட்பட. ரசீது கேட்டு வாங்கி வையுங்கள். தமிழ் நாளிதழ் ரசீதில் பதிவு எண் இல்லாமல் வந்தது, திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

மலேசியாகினி தொடர்கிறது. கார்டியனுக்கு டிசம்பரில் அனுப்புவேன். தமிழ் மின்னிதழ் அடுத்த மாதம் முடிகிறது. நேற்றே கட்டிவிட்டேன், இந்த முறை இரண்டு சந்தா. ஒன்று எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நூலகக் கணினிக்கு. பணம் அனுப்பியபோது குறிப்புப் பெட்டியில் அந்த வட்டார நிருபரின் பெயரை எழுதி, 'இவர் செய்திக்காக' என்று போட்டேன்.