கூத்துக் களரியிலும் கடற்கரையிலும் எம்கேஎச் 416

ஆவணப்பட ஒலிப்பதிவுக்குப் பல ஆண்டுகளாக சென்ஹைசர் எம்கேஎச் 416 என்ற ஷாட்கன் மைக்கை (முன்னால் நோக்கும் திசையின் ஒலியை முதன்மையாக எடுக்கும் நீண்ட குழல் மைக்)ப் பயன்படுத்தி வருகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரத்துப் பேச்சை எடுக்கும்?" என்பதுதான். தூரத்தில் இருப்பதை அருகே இழுத்து வரும் கருவி அல்ல இது. பக்கவாட்டில் வரும் ஒலியைத் தணிக்கும், அவ்வளவே. தூரம் இரட்டிப்பானால் இதிலும் குரல் 6 டெசிபல் குறையத்தான் செய்யும்.

தணிப்பதும் எல்லா ஒலியையும் அல்ல. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்த மைக்கின் முன்பகுதிக் குழலின் பக்கங்களில் வரிசையாகத் திறப்புகள் இருக்கின்றன. பக்கத்திலிருந்து வரும் ஒலி அவற்றின் வழியே சற்று முன்பின்னாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அலைநீளம் குழலைவிட நீண்டுவிட்டால் இது நடக்காது. அலைநீளம் மிகுந்த தாழ்ந்த ஒலிகளுக்கு இது வெறும் சூப்பர்கார்டியாய்டு மைக்தான்; அதாவது முன்னொலியை அதிகம் எடுத்து, பக்கத்து ஒலியை ஓரளவே குறைக்கும். ஹாரனின் கூர்மை மழுங்கும். லாரி எஞ்சினின் உறுமல் மழுங்காது.

தெருக்கூத்தைப் பதிவு செய்யும்போதுதான் இந்த மைக்கின் குணம் முழுதாகத் தெரிகிறது. ஆடுபவருக்குப் பின்னாலேயே மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டுக்காரர்கள். முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தி நடிகரை நோக்கி வைத்தால் மைக்கின் நேர்கோட்டில் மேளமும் சேர்ந்தே நிற்கும். வசனம் முகவீணையில் மூழ்கிவிடும். அதையே பூம் கோலில் (மைக்கைத் தாங்கும் நீண்ட கோல்) தலைக்கு மேலிருந்து நெஞ்சை நோக்கிச் சரித்துப் பிடித்தால், நேர்கோட்டில் குரலும் மண்தரையும் மட்டும்தான். மேளம் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஆனால் கூத்தின் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் ஓரிடத்தில் நிற்பவர் அல்ல. கோல் பிடிப்பவர் அவருடைய அடவைப் படித்து அவரோடு நகர வேண்டும். மைக்கின் நேர்கோட்டிலிருந்து அவர் விலகினால் சகர, ஷகர ஒலிகள் முதலில் மங்கும். மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதிவின் தரம் அந்தக் கைகளில்தான் இருக்கிறது. நம் ஊரில் பூம் பிடிப்பவருக்கு அதற்குரிய மதிப்பும் ஊதியமும் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே.

சிமென்ட் சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள அறைகளுக்கு இதை எடுத்துச் செல்வதை நிறுத்திவிட்டேன். சுவரில் பட்டுத் திரும்பும் குரல் பக்கத் திறப்புகளில் நுழைந்து நிறம் மாறுகிறது; பேச்சு டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அங்கே குழல் இல்லாத, முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் சிறிய ஹைப்பர்கார்டியாய்டு மைக்கே சிறந்தது.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் இதற்கு ஈடு குறைவு. சாதாரண கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் ஒலியை உணரும் பகுதியான காப்ஸ்யூலின் மின்னூட்டம் கசிந்து பொரியும் ஓசை வரும். 416இல் காப்ஸ்யூல் ஓர் உயர் அதிர்வெண் மின்சுற்றின் பகுதியாகக் குறைந்த மின்மறுப்பில் (மின்னோட்டத்துக்கான தடை) இயங்குவதால் ஈரம் அதை எளிதில் தொடுவதில்லை. மார்கழி விடியற்காலைப் பனியிலும் என்னுடையது பொரிந்ததில்லை.

கடற்காற்றுக்கு வெறும் ஃபோம் உறை போதாது. மைக்கைச் சுற்றி மூடும் பிளிம்ப் என்ற காற்றுத்தடுப்புக் கூண்டும் அதன்மேல் ரோம உறையும் கட்டாயம் வேண்டும். மைக்கில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் சுவிட்ச் கிடையாது என்பதால் ரெக்கார்டரிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது என் வழக்கம். இந்த மாதிரிக்குப் போலிகள் சந்தையில் நிறைய உலவுவதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள்.