கிராஸ்போவுக்கு எத்தனை பவுண்டு போதும்? நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

கிராஸ்போ (துப்பாக்கி மாதிரிக் கட்டையில் குறுக்காகப் பொருத்திய வில்) வாங்கப் போகிறவர் கண் முதலில் போவது அம்பின் வேகத்துக்குத்தான். நொடிக்கு 400 அடி என்று பெட்டியில் போட்டிருந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும். ஆனால் வாங்கி ஒரு வருடம் ஆனபிறகு அந்த வில் வெளியே வருகிறதா, பரணில் தூங்குகிறதா என்பதை முடிவு செய்வது டிரா வெயிட். அதாவது நாணை இழுத்துப் பூட்ட வேண்டிய பலம். 150 பவுண்டு என்றால் 68 கிலோ. 200 பவுண்டு என்றால் 91 கிலோ.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். களக்காடு, கடையம் பக்கம் பன்றி இறங்கி வாழைத்தோட்டத்தை உழுதுவிட்டுப் போகிற வயிற்றெரிச்சல் புரிகிறது, அண்ணாச்சி. ஆனாலும் அதைச் சுட வனத்துறைக்கு மட்டுமே அதிகாரம், நமக்கு இல்லை. நம்மூரில் கிராஸ்போ என்றால் டார்கெட் அடிக்க மட்டும். கீழே வரும் வேட்டைக் கணக்கு, அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு. அங்கே சில மாநிலங்களில் 125 பவுண்டுக்குக் குறைந்த வில்லை வேட்டைக்கு எடுக்கவே கூடாது.

மானுக்கு எவ்வளவு வேண்டும்? அம்பின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, அம்பின் எடையால் (கிரெயினில்) பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் அதன் ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 400 கிரெயின் அம்பு, ஏறத்தாழ 26 கிராம், 300 அடி வேகத்தில் போனால் 80 அடி-பவுண்டு. வில் வேட்டைக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் கணக்கில் மானுக்கு 25 முதல் 41 வரை போதும். காட்டுப்பன்றி, எல்க் (பெரிய மான் வகை) மாதிரி பெரிய உடம்புக்கு 42 முதல் 65 வரை. நல்ல 150 பவுண்டு கூட்டு வில் (உருளை வைத்தது) இதைத் தாண்டியே நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டும் மானுக்குப் போய்ச் சேருவதில்லை, உங்கள் இடுப்புக்குத்தான் போகிறது.

வேகம் கூடினால் மான் விலகுவதற்குள் அம்பு போய்விடும் என்பார்கள். 40 கெஜம் என்பது 120 அடி. நாண் சத்தம் அங்கே போய்ச் சேர 0.11 நொடி. 350 அடி வேக அம்புக்கு 0.34 நொடி, 400 அடி வேக அம்புக்கு 0.30 நொடி. எதுவானாலும் சத்தம்தான் முந்தும். வேகத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் அம்பு தாழ்வது குறைவது. 20 கெஜத்துக்குச் சீர் செய்த ஸ்கோப்பில் (குறி பார்க்கும் தொலைநோக்கி) 40 கெஜம் பார்த்து அடித்தால், காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்க்கையில், 300 அடி அம்பு சுமார் 15 அங்குலம் கீழே விழும். 350 அடி அம்பு 11 அங்குலம். இந்த நாலு அங்குலத்தை ஸ்கோப்பின் அடுத்த கோடே பார்த்துக்கொள்ளும்.

பவுண்டை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. நாண் ஓய்வு நிலையிலிருந்து பூட்டு வரை போகும் தூரம், அதாவது பவர் ஸ்ட்ரோக், அதே அளவு முக்கியம். ஒரே வகை வில்லில் 150 பவுண்டை 13 அங்குலம் இழுப்பதும் 175 பவுண்டை 11 அங்குலம் இழுப்பதும் சேமிக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஸ்ட்ரோக் நீளமானால் குள்ளமானவர் கடைசி இரண்டு அங்குலத்தில் திணறுவார். கடையில் ஒரு முறை இழுத்துப் பார்த்து வாங்காதீர்கள். பத்து முறை இழுத்து, பத்தாவதும் முதல் தடவை போலவே நேராக வந்தால் அதுதான் உங்கள் பவுண்டு.

நேராக என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கை சோர்ந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுபடும். நாணின் நடு சில மில்லிமீட்டர் விலகிப் பூட்டினாலே 30, 40 கெஜத்தில் அம்பு சில அங்குலம் பக்கவாட்டில் ஒதுங்கும். ஸ்கோப் சரியில்லை என்று திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் வியாதி. நாண் ஓய்வில் இருக்கும்போது ரெயிலின் (அம்பு ஓடும் தடம்) இரு ஓரத்தையும் ஒட்டி நாணில் மார்க்கரால் கோடு போடுங்கள். பூட்டிய பிறகு இரண்டு கோடும் இருபக்கமும் சமமாகத் தெரிய வேண்டும்.

இழுக்கக் காக்கிங் கயிறு (நாணை மாட்டி இழுக்கக் கொக்கிகள் வைத்த கயிறு) கட்டாயம். கொக்கிகளில் உருளை இருப்பதால் பலம் பாதியாகும். 150 பவுண்டு 75 ஆகிவிடும், 34 கிலோதான். கயிற்றின் நடுவைக் கட்டையின் பின் பள்ளத்தில் போட்டு, கொக்கிகளை ரெயிலை ஒட்டி நாணில் மாட்டி, முன் வளையத்தில் ஷூ போட்ட காலை நன்றாக உள்ளே விட்டு, முதுகை வளைக்காமல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். செருப்புக் காலோடு செய்தால் வளையம் வழுக்கும். கழுத்தில் தொங்கும் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். 'கிளிக்' கேட்டதும் சேஃப்டி விழுந்ததா பார்த்து, கயிற்றைக் கழற்றிய பிறகே அம்பு. 200 பவுண்டுக்கு மேல் என்றால், அல்லது தோள் வலி உள்ளவர் என்றால், கிராங்க் (கைப்பிடியைச் சுற்றி நாணை இழுக்கும் கருவி). பலம் மிகவும் குறையும். நேரமும் எடையும் கூடும்.

அம்பு வைக்காமல் விடுவது எந்த வில்லுக்கும் ஆகாது. போக வேண்டிய சக்தி முழுதும் லிம்பிலேயே (வில்லின் வளையும் கை) இறங்கி அது பிளந்துவிடும். கனமான வில்லில் லேசான அம்பு போடுவதும் ஏறக்குறைய அதே காரியம்தான்; கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச கிரெயினுக்குக் கீழே இறங்காதீர்கள். பூட்டிய வில்லை ராத்திரி முழுக்க வைக்கவும் கூடாது. மொட்டை முனை அம்பு ஒன்றை மண்ணில் விட்டு இறக்குங்கள்.

திசையன்விளைப் பக்கத் தேரி மண்ணில் பயிற்சி செய்பவர்களுக்கு நாண்தான் முதலில் போகும். ரெயில் எண்ணெயில் சிவப்புத் தூசி ஒட்டி, நாணின் நடுச்சுற்றை (நாணின் நடுவில் சுற்றியிருக்கும் காப்பு நூல்) உப்புத்தாள் மாதிரி அராவிவிடும். பவுண்டு கூடக் கூட நாண் ரெயிலை அழுத்துவதும் கூடும், தேய்மானமும் வேகமாகும். பத்து அம்புக்கு ஒரு முறை துணியால் துடைத்து, ஒரு சொட்டு மட்டும் தடவினால் போதும். மெழுகு நாணின் மற்ற பகுதிக்குத்தான், நடுச்சுற்றுக்கு இல்லை. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போனால் லிம்பின் பசை கெடும்.

ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் மேகாற்று (மேற்குக் காற்று) இறங்கிவிட்டால் எந்தப் பவுண்டும் கைகொடுக்காது. விடிகாலையில் முடித்துக்கொள்வது நல்லது. டார்கெட்டுக்கு வைக்கோல் கட்டை நம்பாதீர்கள், 150 பவுண்டு அம்பு அதைத் துளைத்து அந்தப்பக்கம் போய்விடும். பனந்தடியில் அடித்தால் அம்பைப் பிடுங்க முடியாது. பழந்துணியை இறுக்கித் திணித்த சாக்கு, அதற்குப் பின்னால் மண்மேடு, இதுதான் சரி.

கூட்டு வில்லா ரிகர்வா (உருளை இல்லாமல் முனை முன்னோக்கி வளைந்த வில்) என்ற கேள்விக்கு நம்மூர் நிலவரத்தில் ஒரு பதில் உண்டு. கூட்டு வில்லில் நாண் மாற்ற வில் பிரஸ் (லிம்பை அழுத்தி வளைக்கும் கருவி) வேண்டும். ரிகர்வில் ஒரு கயிறு இருந்தால் வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம். அதே வேகத்துக்கு ரிகர்வில் பவுண்டு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அதைக் காக்கிங் கயிறு சமாளிக்கும்.