காரைக்கால்ல ஃபிரெஞ்சு டியூஷன், நாலு மாசம் போனதுல என் அனுபவம்

மாயவரத்துலேர்ந்து சனி ஞாயிறு பஸ் புடிச்சு காரைக்கால் போயி படிக்கிறேன். மேடம் வீட்டு மாடியில நடக்குற சின்ன டியூஷன், பேரு வேணாம். 1954 வரைக்கும் ஃபிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊரு, சொல்தா, அதாவது ஃபிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க, பென்ஷன் வாங்குற குடும்பங்க இன்னமும் இருக்கு, அதனால மேடமுக்கு அந்த பாஷை வீட்டுப் பேச்சு மாதிரி வருது.

நான் சேந்ததே ப்ரெபொசிஷன் தொல்லையாலதான், அதாவது பேருக்கு முன்னாடி அவன் போடுற சின்னச் சின்ன சொல்லு, நம்ம 'ல', 'க்கு' மாதிரி. நமக்கு ஒரு 'ல' போதும், காரைக்கால்ல, ஃபிரான்ஸ்ல, ஜப்பான்ல, முடிஞ்சுது. அவனுக்கு ஊருன்னா 'ஆ' (à), பெண்பால் நாடுன்னா 'ஆன்', ஆண்பால்னா 'ஓ', அமெரிக்கா அவன் பாஷைல பன்மையாம், அதுக்கும் 'ஓ'தான் ஆனா எழுதும்போது கடைசில ஒரு எக்ஸ் சேரும். பேரு இங்கிலீஷ் ஈ (e) எழுத்துல முடிஞ்சா பெரும்பாலும் பெண்பால்னு ஒரு வழியா மனப்பாடம் பண்ணி வச்சா, மெக்சிகோ, அவன் எழுதுறது Mexique, ஈல முடிஞ்சும் ஆம்பளயாம், போங்கடா.

மேடம் தமிழ வச்சே புரிய வைக்கிறாங்க, அதுதான் இங்க விசேஷம். டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லச் சொன்னாங்க, நான் 'ஓ' போட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறேம்ப, டாக்டருக்குப் போறேம்பியா? கிட்டன்னுதானே சொல்லுவ? ஆளுன்னா 'ஷே' போடு"ன்னாங்க. இத எந்த ஆப்பும் எனக்கு சொல்லல.

இன்னொன்னு, 'பத்து நிமிஷத்துல சாப்ட்டேன்', 'பத்து நிமிஷத்துல பஸ் வரும்', நமக்கு ரெண்டும் ஒரே 'ல'. அங்க வேற வேற. 'பத்து நிமிஷம் கழிச்சு'ன்னு மாத்திப் பாரு, அர்த்தம் மாறலன்னா 'தான்' (dans), மாறுச்சுன்னா 'ஆன்' (en), அவ்ளோதான்னாங்க. அதுலேர்ந்து தப்பு வரல.

குறை இல்லாம இல்ல. பதினாலு பேருக்கு ஒரே ஃபேன், பேச சான்ஸ் வர்றதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிடும். ஜெராக்ஸ் நோட்ஸ் படு மோசம், à-ங்கற 'ஆ' மேல இருக்குற சின்ன கோடு அழிஞ்சு போச்சு, கோடு இல்லன்னா அது 'வச்சிருக்கான்'னு ஆயிடும், ரெண்டு வாரம் நான் அப்படியே தப்பாப் படிச்சிருக்கேன், கேட்டா பேனாவால போட்டுக்கம்மான்னு சிரிக்கிறாங்க.

மாசம் 1500, என்னக் கேட்டா தாராளமா குடுக்கலாம். 5க்கு 4. மாயவரம் பக்கத்து ஆளுங்க காலை பேட்ச்சே கேட்டு வாங்கிக்குங்க, சாயங்கால பஸ்ல நின்னுக்கிட்டேதான் வரணும்.