நில், கட்டானிங், பிலோயலா: ஆஸ்திரேலிய விவசாய ஊர்ல குடும்பத்தோட தங்கணும்னா எது?

ஆஸ்திரேலியாவோட 491 விசா (அரசு ரீஜினல்னு குறிச்ச ஏரியாவுல தான் வாழ்ந்து வேலை பாக்கணும்ங்கிற நிபந்தனையோட வர்ற தற்காலிக விசா) 2019 நவம்பர்ல வந்ததுல இருந்து "ரீஜினல் ஏரியா போனா எங்க போறது"ன்னு கேக்குறவங்க நிறைய பேரு, பெரும்பாலும் பெர்த் இல்லன்னா அடிலெய்டுன்னு முடிச்சிடுறாங்க, விசா கணக்குல அதுவும் ரீஜினல் தான். ஆனா உண்மையிலயே ஆள் இல்லாம தவிக்கிறது கோதுமை, ஆடு, மாடுன்னு பொழைக்கிற உள்நாட்டு ஊருங்க தான். அதுல மூணு ஊர எடுத்துப் பாக்குறேன்: விக்டோரியாவுல நில், மேற்கு ஆஸ்திரேலியாவுல கட்டானிங், குயின்ஸ்லாந்துல பிலோயலா. சம்பளம், வீட்டு விலை ரெண்ட மட்டும் வச்சு ஊரு முடிவு பண்றது தப்புங்கிறது என் கருத்து. நமக்கு முன்னாடி வந்த வெளியாளுங்க அந்த ஊர்ல வேரூன்றினாங்களா, எப்படி ஊனுனாங்கன்னு தான் மொதல்ல பாக்கணும்.

நில் ஊரு மெல்போர்னுக்கும் அடிலெய்டுக்கும் ஏறக்கொறைய நடுவுல வெஸ்டர்ன் ஹைவே மேல இருக்கு, ரெண்டாயிரம் பேர் அளவுக்கு ஜனம், சுத்தி விம்மெராங்கிற பகுதியோட கோதுமைக் காடு. அந்தப் பக்கம் ஒவ்வொரு பண்ணையும் பெருசாகிட்டே போகுது, பெரிய மெஷினு வந்துடுச்சு, முன்னாடி நாலு குடும்பம் பாத்த நிலத்த இப்ப ஒரே குடும்பம் பாக்குது, அப்ப மத்த மூணு வீட்டுப் புள்ளைங்களும் ஸ்கூல்ல இல்ல, கடையில இல்ல, ஃபுட்பால் டீம்ல இல்ல. நில் இருக்கிற ஹிண்ட்மார்ஷ் ஷயர்ல, அதாவது அந்த உள்ளாட்சிப் பகுதியில, ஜனத்தோட நடு வயசு (பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் அதுக்குக் கீழ) அம்பத ஒட்டி இருக்கு, மொத்த நாட்டுக்கும் 38 தான்.

இந்த நெலமையில தான் லவ்-எ-டக்னு அங்க இருக்கிற வாத்துக்கறி கம்பெனி விரிவாக்கம் பண்ணப் பாத்து ஆளே கெடைக்காம நின்னுச்சு. அப்ப ஜெனரல் மேனேஜரா இருந்த ஜான் மில்லிங்டன், பர்மாவுல இருந்து அகதியா வந்து மெல்போர்ன்ல இருந்த கரென் மக்கள 2010ல இருந்து கூட்டிட்டு வர ஆரம்பிச்சாரு. அவரும் அவர் மனைவியும் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, வேலைக்கு ஆள் எடுத்ததோட நிறுத்தாம ஊர் ஜனத்துக்கிட்டயும் முன்கூட்டியே பேசினாங்க, வரப்போற குடும்பங்களையும் மொதல்ல வந்து ஊர சுத்திப் பாக்க வச்சாங்க, அதுக்கப்புறம் தான் கொஞ்சம் கொஞ்சமா குடியேத்தம். 2015ல வந்த ஒரு ஆய்வு, அஞ்சு வருஷத்துல இவங்களால உள்ளூர் பொருளாதாரத்துக்கு 4.15 கோடி டாலர் சேந்துச்சு, எழுவது முழுநேர வேலை உருவாச்சுன்னு கணக்குப் போட்டுச்சு. இவ்ளோ சின்ன ஊருக்கு இது எவ்ளோ பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க.

கட்டானிங் வேற மாதிரி. பெர்த்ல இருந்து தென்கிழக்கே 280 கிலோமீட்டர் போல, ஜனத்தொகை நாலாயிரம் அளவு, நில்ல விட ரெண்டு மடங்கு. 1970கள்லயே கிறிஸ்துமஸ் தீவுல இருந்து மலாய் முஸ்லிம் குடும்பங்க ஆட்டுத்தொட்டியில ஹலால் அறுப்பு வேலைக்கு வந்து அங்கயே தங்கிட்டாங்க, 1980களோட தொடக்கத்துலயே மசூதி வந்துடுச்சு, அப்புறம் கரென் உட்பட எத்தனையோ நாட்டுக்காரங்க. இது நூங்கார் பழங்குடி மக்களோட மண்ணு, அவங்களும் ஊர்ல கணிசமா இருக்காங்க. அதனால வேற நெறத்துல ஒரு ஆள் தெருவுல நடந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, வீட்டுல தனியா இருக்கப்போற அம்மாவுக்கும் புதுசா ஸ்கூல் போற புள்ளைக்கும் இது சம்பளத்த விட பெரிய விஷயம்.

ஆனா கட்டானிங்ல மண்ணு கவலை இருக்கு. ஆழமா வேர் விடுற காட்டு மரத்த எல்லாம் வெட்டி கோதுமை போட்டதுல, மழைத்தண்ணிய உறிஞ்ச ஆளில்லாம நிலத்தடித் தண்ணி மேல ஏறி, கூடவே உப்பையும் தூக்கிட்டு வந்துடுச்சு, அந்த கோதுமை பெல்ட் முழுக்கவே இது தான் கதை. இன்னொன்னு, உயிரோட ஆட்ட கப்பல்ல ஏத்துமதி பண்றது 2028 மே 1ஓட நிக்கப்போகுது, 2024ல சட்டமே போட்டுட்டாங்க. ஆடு வளக்குறவங்க கொறஞ்சா ஆட்டுச் சந்தை, லாரி, கம்பளி வெட்டுறவங்கன்னு எல்லாத்துலயும் அடி விழும்ங்கிறது விவசாயிங்க பயம். உள்ளூர் ஆட்டுத்தொட்டிக்கு அறுப்புக்கு இன்னும் அதிக ஆடு வரும்னு சொல்றவங்களும் இருக்காங்க. அங்க போறவங்க இத கண்ணு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

பிலோயலா பேரு தமிழாளுங்களுக்கு சொல்லவே வேணாம். அங்க மாட்டுக்கறி ஃபேக்டரியில வேலை பாத்த ஈழத்தமிழரோட குடும்பத்த 2018 மார்ச்ல, விசா முடிஞ்சுதுன்னு குடியேற்ற அதிகாரிங்க விடியக்காலையில வந்து தூக்கிட்டுப் போனப்ப, அந்த ஊர் வெள்ளைக்கார ஜனம் தான் நாலு வருஷத்துக்கு மேல விடாம போராடுச்சு, 2022 ஜூன்ல குடும்பம் திரும்பி வந்துச்சு, ஆகஸ்ட்ல நிரந்தர விசாவும் கெடச்சுது. ஒரு ஊரோட மனசுக்கு இத விட சர்டிஃபிகேட் எனக்குத் தேவையில்ல. ஆறாயிரம் பேருக்கு கொஞ்சம் கொறைவு, கிளாட்ஸ்டன் துறைமுகம் 120 கிலோமீட்டர், பருத்தி, சோளம், மாடு, அதோட காலைட் நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும். வேலை வகை இங்க தான் ஜாஸ்தி, எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டீசல் மெக்கானிக்னா மூணுல இது தான். ஆனா சுரங்கச் சம்பளம் ஓடுற ஊர்ல வாடகையும் கூடவே ஓடும். நிலக்கரிய நம்பி இருபது வருஷத்துக்கு வீட்டுக்கடன் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிங்க.

வீடுன்னா, நில்லும் கட்டானிங்கும் சிட்டியோட பாத்தா வாங்க மலிவு, ஆனா வாடகைக்கு கெடைக்கிறது கஷ்டம். புதுசா கட்டுற செலவு வித்தா வர்ற விலைய விட ஜாஸ்தி ஆகிறதால யாரும் கட்ட முன்வர்றதில்ல, வேலை ரெடியா இருந்தும் வீடில்லாம ஆளு திரும்பிப் போற கதை இந்த மாதிரி ஊருங்கள்ல சகஜம்.

ஆஸ்பத்திரி மூணு ஊர்லயும் இருக்கு, ஸ்பெஷலிஸ்ட் தான் இல்ல. அதுக்கு பெரிய ஊருக்குப் போகணும், நில்லுல இருந்தா ஹார்ஷம் 75 கிலோமீட்டர், பிலோயலாவுக்கு ராக்ஹாம்ப்டன் அதுக்கு ரெண்டு மடங்கு தூரம், கட்டானிங்ல இருந்து ஆல்பனி அதுக்கும் மேல. கர்ப்பமா இருக்கவங்க, வீட்டுல ஹார்ட் பேஷண்ட் வச்சிருக்கவங்க பிரசவமும் ஸ்கேனும் எங்க நடக்கும்னு போன் பண்ணி கேட்டுட்டு தான் மூட்டை கட்டணும். ரெண்டு காரு வேணும், ஒண்ணு பத்தாது.

என்னக் கேட்டா, நர்ஸ் இல்லன்னா முதியோர் பராமரிப்பு வேலை தெரிஞ்சவங்களுக்கு நில், அங்க வயசானவங்க ஜாஸ்தி, வெஸ்ட் விம்மெரா ஹெல்த் சர்வீஸோட தலைமையிடமே அங்க தான். கைத்தொழில் தெரிஞ்சவங்களுக்கு பிலோயலா. சின்னப் புள்ளைங்களோட போற மத்த எல்லாருக்கும் நான் கட்டானிங்னு தான் சொல்வேன், உப்பு பிரச்சனையும் ஆட்டுக் கவலையும் தெரிஞ்சே சொல்றேன். எந்த ஊர் ஆனாலும் வேலைக்கு இன்டர்வியூ போறப்ப வீட்டுக்காரம்மாவையோ வீட்டுக்காரரையோ கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்கு அங்க என்ன வேலை இருக்குன்னும் அதே நாள்ல விசாரிச்சுட்டு வாங்க, ஒருத்தர் வேலைக்குப் போக இன்னொருத்தர் வீட்டுக்குள்ளயே கெடக்குற நெலமை வந்தா நிரந்தர விசாவுக்காக ரீஜினல்ல இருந்தாகணும்ங்கிற மூணு வருஷக் கணக்கு முடிஞ்ச மறுநாளே அந்தக் குடும்பம் மெல்போர்னுக்கோ பெர்த்துக்கோ கெளம்பிடும்.