பில்பாவோ வழியா, பொந்தெவேத்ரா வழியா?

நலிந்த ஒரு நடுத்தர நகரம் தேறி வருகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? கண்ணைப் பறிக்கும் புதுக் கட்டடத்தையா, தெருவில் கூடும் ஆள் நடமாட்டத்தையா? இரண்டுக்கும் ஸ்பெயினிலேயே உதாரணம் இருக்கிறது.

பில்பாவோ, இரும்பாலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் படுத்துப்போய்த் தவித்த ஊர். 1997ல் அங்கே ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தது. டைட்டானியத் தகடு போர்த்திய அந்தக் கட்டடத்தைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. அவ்வளவுதான், ஊர் ஊராக மேயர்களுக்கு அதுபோல ஒரு கட்டடம் கட்டும் ஆசை வந்துவிட்டது! ஆனால் 1995லேயே அங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. சாக்கடையாகக் கிடந்த ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை அதற்கும் பல ஆண்டுகள் முன்பே ஆரம்பமாகிவிட்டது. நகல் எடுக்கப் போனவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள், அஸ்திவாரத்தைப் பார்க்கவில்லை.

பொந்தெவேத்ரா சுமார் 80,000 பேர் வாழும் ஊர். 1999ல் மேயரான மிகேல் லோரெஸ் புதுக் கட்டடம் எதையும் தேடவில்லை; பழைய நகரத் தெருக்களை நடப்பவர்களுக்கே கொடுத்தார். கார்களை அடியோடு தடை செய்யவும் இல்லை. குறுக்கு வழியாக நகரத்துக்குள் புகுந்து போகும் வண்டிகளையும், நிறுத்த இடம் தேடிச் சுற்றும் வண்டிகளையும்தான் குறைத்தார். கடைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள் (எந்த ஊரில்தான் இல்லை?). பிறகு மையப் பகுதிக்குக் குடித்தனங்கள் திரும்பின, சாலை விபத்துச் சாவுகள் ஏறக்குறைய நின்றேபோயின.

செலவு, ஆபத்து இரண்டிலும் பொந்தெவேத்ரா வழிதான் நடுத்தர ஊருக்குத் தோது. தெருவில் போட்ட திட்டம் சரிவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆள் வராத அருங்காட்சியகத்துக்கு வருடா வருடம் பராமரிப்புச் செலவு செய்தாக வேண்டும். ஊர் தேறுவதன் அடையாளங்களிலும் எனக்குத் தெருவின் ஆள் நடமாட்டமே நம்பகமாகப் படுகிறது. சுற்றுலாக் கூட்டம் பருவத்துக்கு வந்து போகும். தனியாகப் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளும், கடைகளுக்கு மேல்மாடியில் இரவில் எரியும் விளக்குகளும் அப்படியல்ல.

சரி, இதிலும் ஒரு சிக்கல். பொந்தெவேத்ரா மாகாணத் தலைநகர், அரசு வேலைகள் அங்கே முன்பிருந்தே உண்டு. அப்புறம், நடந்தே கடக்கக்கூடிய அளவு சிறிய ஊர். பரந்து கிடக்கும் நகரத்தில் பேருந்து வசதியைச் சரி செய்யாமல் காரைக் குறைத்தால் மையத்துக்கு வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். ஆலை மூடி வேலை போன ஊரிலோ நடைபாதை மட்டும் சம்பளம் தராது. அங்கே பில்பாவோதான் பாடம், அருங்காட்சியகத்துக்கு முந்தைய பில்பாவோ.