ஹாலில் செம்மண் ஆரஞ்சு, படுக்கையறையில் பீச் பிங்க்: ஐந்தாறு வருடம் வாழ்ந்து பார்த்த அனுபவம்

மதுரையில் எங்கள் ஹாலின் ஒரு சுவருக்குச் செம்மண் சாயல் ஆரஞ்சும், வடக்குப் பார்த்த படுக்கையறைக்கு மஞ்சள் ஓடிய பிங்கும் அடித்து ஐந்தாறு வருடம் ஆகிறது. இன்னமும் மாற்றத் தோன்றவில்லை. காரணம், பளிச்சென்ற நிறத்தை விட்டுக் கொஞ்சம் மங்கலானதாக எடுத்ததுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஷேட் கார்டில் விரல் நகம் அளவுக்குத் தெரியும் நிறம் சுவரேறினால் ஒரு படி தூக்கலாகத் தெரியும். நான்கு சுவரிலும் அடித்தால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டுத் திரும்பி இன்னும் அடர்த்தியாகிவிடும். ஆரஞ்சில் இது ரொம்பவே அதிகம். எங்கள் ஹால் மேற்குப் பார்த்தது. நாலு மணிக்கு மேல் மஞ்சள் வெயில் உள்ளே வந்துவிடும். அதனால் நேர் வெயில் படாத சுவருக்கு மட்டும் ஆரஞ்சு, மற்ற மூன்றுக்கும் கிரீம் வெள்ளை. தேக்குக் கதவுக்கும் சிவப்புத் தரைக்கும் பக்கத்தில் அது அழகாக அமைந்துவிட்டது.

வடக்கு அறையில் வரும் வெளிச்சம் சற்று நீலமாக இருக்கும். அங்கே நீலம் கலந்த பிங்க் அடித்தால் வெளிர் ஊதாவாகத் தெரியும். பீச் பக்கம் சாய்ந்த பிங்க் பகல் முழுக்க இதமாகவே இருக்கிறது.

விளக்கையும் சேர்த்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் 6500கே (கெல்வின், விளக்கொளியின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) வெள்ளை டியூப்லைட்டில் இந்த ஆரஞ்சு காய்ந்த செங்கல் மாதிரி உயிரில்லாமல் இருந்தது. 3000கே போட்டால் கிரீம் சுவரெல்லாம் மஞ்சளாகிவிடுகிறது. 4000கேதான் இரண்டு அறைக்கும் ஒத்துவந்தது. ஒரு சின்ன டப்பா வாங்கி, கதவகல அட்டையில் அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். அந்தச் செலவு கட்டாயம் தகும்.

அப்புறம், பளீர் ஆரஞ்சுக்குப் பழைய சுவரை மூடும் திறன் குறைவு. இரண்டு கோட்டில் அடி நிறம் தெரியும், மூன்றாவது தேவைப்படும். அதில் சேர்க்கும் சாயங்கள் பல, வெயில் பட்டால் வெளிறக்கூடியவை. இரும்பு ஆக்சைடு கலந்த காவி, செம்மண் வகைகள் நன்றாக மூடும், வெயிலையும் தாங்கும். எங்கள் சுவர் பெரிதாக வெளிறவில்லை.

குறை என்றால் நாங்கள் எடுத்த மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பூச்சு)தான். சுவிட்ச் போர்டைச் சுற்றி கை அழுக்கு, ஈரத்துணியால் தேய்த்த இடத்தில் பளபளப்புத் திட்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு லேசான ஷீன், அதாவது மெல்லிய பளபளப்பு உள்ள எமல்ஷன் எடுப்பது நல்லது. மிச்ச பெயின்ட்டை வைத்து நடுச்சுவரில் டச்-அப் செய்தால் ஒட்டுப் போட்டது தெரியும், அதுவும் அடர் நிறத்தில் கூடுதலாக. மூலைக்கு மூலை முழுச்சுவரும் அடிக்க வேண்டியதுதான். அதற்காகவே ஷேட் நம்பரை மெயின் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.